படம் திருத்தக் கணினி வாங்குவோர் கவனத்திற்கு: முதலில் திரை!



‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழி கணினித் திரைக்கும் பொருந்தும் என்பதை நான் 2024-ஆம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் வீட்டில் துக்கம் நடந்த நேரத்தில்.

என் தாத்தா காலமானபோது, பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குள் அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். “யுனிவர்சிட்டியில படிக்கிற புள்ள, அவனே கம்ப்யூட்டர்ல செஞ்சிடுவான்” என்று அந்த வேலை என்னிடம் வந்தது. தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் முகம் தெளிவாக விழுந்த படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 1980-களில் லயத்து வாசலில் எடுத்த சின்ன வண்ணப்படம். நிறம் மங்கிச் சிவப்பேறிக் கிடந்தது. அதை வருடியில் வைத்துக் கணினிக்குள் ஏற்றி, என் மடிக்கணினியில் இரண்டு இரவு உட்கார்ந்து திருத்தினேன். திரையில் பார்க்க மிக அழகாக வந்திருந்தது.

அச்சாகி வந்த படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகம் முழுவதும் கரி பூசியது போல இருந்தது. பாட்டி படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, “ஏய்யா, ஒங்க தாத்தாவுக்குப் புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்குமே, அது எங்கய்யா? இது யாரோ மாதிரி இருக்கே” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கோபத்தோடு படக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரியவர், பொறுமையானவர். என்னுடைய கோப்பைத் தம் திரையில் திறந்து காட்டினார். அங்கேயும் படம் இருட்டாகத்தான் இருந்தது. “தம்பி, அச்சு சரியாகத்தான் வந்திருக்கிறது. உன் திரைதான் உனக்கு வெளிச்சமாகக் காட்டியிருக்கிறது” என்று மலாயில் சொன்னார். நான் வாயடைத்து நின்றேன்.

அன்று தொடங்கி நான் தேடிப் படித்ததும், பணம் சேர்த்து வாங்கிப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தாலும், கணினியைப் பற்றி நான் கற்றதெல்லாம் இடைநிலைப்பள்ளியில் மலாயிலும், பிறகு ஆங்கிலத்திலும்தான். இவற்றைத் தமிழில் எழுதிப் பார்க்க இது எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. குறை இருந்தால் முன்னாள் மாணவர்களான அண்ணன்மாரும் அக்காமாரும் பொறுத்தருள வேண்டும்.

திரை ஏன் முதலில்?

கணினி வாங்கப் போகும் நம் மாணவர்களிடம் கேட்டால், “எந்தச் செயலி? எத்தனை ‘ஜிபி’ ரேம்? எந்த கிராஃபிக்ஸ் கார்டு?” என்றுதான் தொடங்குவார்கள். திரையைப் பற்றிய பேச்சு கடைசியில் வரும். மிச்சமிருக்கும் பணத்தில் ஏதோ ஒரு திரை. படம் திருத்துகிற வேலைக்கு இந்த வரிசை தலைகீழ்.

கணினி மெதுவானது என்றால் நாம் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். படம் கெடாது. ஆனால் திரை தவறாகக் காட்டினால், நாம் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தவறாகும். தராசு கோணலாக இருந்தால், நிறுப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் எடை தவறாகத்தான் வரும் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

நம்மவர் படங்களுக்கு இது இன்னும் முக்கியம். கருநிறத் தோலின் நுணுக்கங்கள், அதாவது கன்னத்தின் வளைவு, கண்ணோரச் சுருக்கம், தழும்பு ஆகியவை படத்தின் இருண்ட பகுதிகளில்தான் அடங்கியிருக்கின்றன. இருண்ட நிறங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டாத திரையில் முதலில் காணாமற்போவது நம் முகங்களே. இந்தச் சிக்கல் புதிதன்று. படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம், படக்கடைகள் நிறத்தைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர் பெற்ற அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட பெண். பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டை 1990-களில்தான் வந்தது. வெள்ளை முகத்துக்குச் சரியாக வைத்த அளவுகோலில் கறுத்த முகம் சரியாக வராததில் வியப்பென்ன? இன்று அந்த அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில் இருக்கிறது.

திரையில் பார்க்க வேண்டியவை

1. பலகையின் வகை. திரைகளில் பெரும்பாலும் மூன்று வகைப் பலகைகள் உண்டு: டி.என்., வி.ஏ., ஐ.பி.எஸ். டி.என். பலகை மலிவானது. ஆனால் தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ நிறமும் வெளிச்சமும் மாறிவிடும். என் பழைய மடிக்கணினி அந்த வகை. மேலிருந்து பார்த்ததால் இருண்ட பகுதிகள் வெளுத்துத் தெரிந்தன, நான் ஏமாந்தேன். வி.ஏ. பலகையில் கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் பக்கவாட்டில் பார்க்கும்போது இருண்ட நிறங்கள் மாறும். படம் திருத்துவதற்கு ஐ.பி.எஸ். பலகையே ஏற்றது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது.

2. நிறப் பரப்பு. திரை எத்தனை நிறங்களைக் காட்ட வல்லது என்பதை இது குறிக்கும். ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ என்னும் நிற அளவை 1996-இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் முன்மொழிந்தன. 1999-இல் அது அனைத்துலகத் தரமானது. இணையமும் பெரும்பாலான படக்கடைகளும் இதையே பின்பற்றுகின்றன. ஆகவே 95 விழுக்காட்டுக்கு மேல் எஸ்.ஆர்.ஜி.பி. காட்டும் திரையாகப் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. மலிவான மடிக்கணினிகளின் விவரத்தாளில் ‘45 விழுக்காடு என்.டி.எஸ்.சி.’ என்று போட்டிருப்பார்கள். அது எஸ்.ஆர்.ஜி.பி. கணக்கில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடுதான். ‘72 விழுக்காடு என்.டி.எஸ்.சி.’ என்று இருந்தால் ஏறக்குறைய முழு எஸ்.ஆர்.ஜி.பி. என்று கொள்ளலாம்.

அடோபி ஆர்.ஜி.பி., டி.சி.ஐ. பி3 போன்ற இன்னும் விரிந்த நிறப் பரப்புகளும் உண்டு. அவை தொழில்முறை அச்சுக்கும் காணொளிக்கும் பயன்படும். ஆனால் சரியாக அமைக்கத் தெரியாமல் அத்தகைய திரையை வாங்கினால், எல்லா நிறங்களும் கொஞ்சம் மிகையாகத் தெரியும். நீங்களும் நிறத்தைக் குறைத்துக் குறைத்துப் படத்தைச் சோகையாக்கி விடுவீர்கள். வாங்கினால் எஸ்.ஆர்.ஜி.பி. முறைக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

3. நிறப்படிகள். ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 8 பிட் திரை 256 படிகளைக் காட்டும். மூன்று நிறங்களையும் பெருக்கினால் 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள். 6 பிட் பலகைக்கு ஒரு நிறத்துக்கு 64 படிகள்தான். மீதியை விரைவாக மாறி மாறிக் காட்டிச் சமாளிக்கும். வானம், நிழல் போன்ற இடங்களில் இதனால் பட்டை பட்டையாகத் தெரிவதுண்டு.

4. அளவும் பிக்சலும். 24 அங்குலத் திரையில் 1920க்கு 1080 பிக்சல் என்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்கள். 27 அங்குலத்தில் 2560க்கு 1440 என்றால் 109. தொடங்குவோர்க்கு இவ்விரண்டில் ஒன்று போதும். 27 அங்குலத்தில் 1920க்கு 1080 வேண்டாம். புள்ளிகள் பெரிதாகத் தெரியும். வளைந்த திரையும் வேண்டாம். நேர்கோடு நேராக இருக்கிறதா என்று கண்ணால் உறுதி செய்வது கடினம்.

5. ஏமாற வேண்டாதவை. விநாடிக்கு 144 முறை, 240 முறை திரை புதுப்பிக்கப்படும் என்பது விளையாட்டுக்குப் பயன்படும். அசையாத படத்துக்கு அதனால் பயனில்லை. கோடிக்கணக்கில் போட்டிருக்கும் ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ எண்ணையும் பொருட்படுத்த வேண்டாம்.

வாங்கினால் மட்டும் போதாது

நல்ல திரையும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சரியாக இருக்காது. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக வெளிச்சத்தை அதிகமாகவே வைத்து அனுப்புவார்கள். திரையின் வெளிச்சத்தை ‘நிட்’ என்ற அலகால் அளப்பார்கள். பல திரைகள் 250 நிட்டுக்கு மேல் காட்டும். அச்சிடப் போகும் படத்தைத் திருத்துவதற்கு 80 முதல் 120 நிட் வரை போதும். காகிதம் தானாக ஒளி வீசாது. அறை வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். அதனால்தான் மிகை வெளிச்சத்தில் திருத்திய படம் காகிதத்தில் இருண்டு வருகிறது. ‘என் படம் அச்சில் இருட்டாக வந்துவிட்டது’ என்று புலம்புவோரில் பலருக்கு இதுதான் காரணம். அதோடு வெண்மையின் சாயலை 6500 கெல்வினிலும், காமா என்ற அளவை 2.2-இலும் வைக்க வேண்டும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியைப் படம் திருத்தும்போது கண்டிப்பாக நிறுத்தி விடுங்கள்.

இதைக் கண்ணால் சரிபார்ப்பதைவிட, நிறமானியால் அளப்பது சிறந்தது. திரையின் மீது தொங்கவிடும் சிறு கருவி அது. ஸ்பைடர், கேலிபிரைட் என்ற பெயர்களில் கிடைக்கிறது. திரை காட்டும் நிறங்களை அளந்து, வேண்டிய திருத்தத்தைக் கணினிக்கு எழுதிக் கொடுக்கும். மாதம் ஒருமுறை பயன்படுத்தும் பொருள் என்பதால் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினோம்.

அதற்கும் வசதியில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. நீங்கள் திருத்திய படத்தை நல்ல கடையில் ஒரு பிரதி அச்சிடுங்கள். பகல் வெளிச்சம் விழும் சன்னலருகே அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டும் ஒத்து வரும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். துல்லியமான வழியன்று, ஆனால் என் தாத்தா படத்துக்கு நேர்ந்ததை அது தடுத்திருக்கும்.

இனி, கணினி

திரை முடிவான பிறகு கணினிக்கு வருவோம். உங்களிடம் ஏற்கெனவே ஒரு மடிக்கணினி இருந்தால், அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள். நல்ல திரையை அதனோடு இணைத்து வேலையைத் தொடங்கலாம். உண்மையில் வேகம் போதவில்லை என்று தோன்றிய பிறகு கணினியை மாற்றலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

நினைவகம். நாம் ரேம் என்று சொல்வது இதைத்தான். எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். 6000க்கு 4000 பிக்சல் கொண்ட படத்தில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள். ஒரு நிறத்துக்கு 16 பிட் வீதம் திருத்தினால் ஒரு புள்ளிக்கு 6 பைட். ஆக, ஒரே அடுக்குக்கு 144 மெகாபைட். பத்து அடுக்கு வைத்தால் 1.4 ஜிகாபைட்டைத் தாண்டும். மென்பொருளும் இயங்குதளமும் உலாவியும் கேட்பது தனி. ஆகவே 16 ஜிகாபைட் இருக்கட்டும், முடிந்தால் 32. பின்னர் கூட்டிக்கொள்ள இடமிருக்கிறதா என்றும் கேளுங்கள். சில மடிக்கணினிகளிலும் ஆப்பிளின் இப்போதைய மேக் கணினிகளிலும் நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது. 2025-இன் இறுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. எனவே வாங்கும் நாளில் விலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பகம். சுழலும் வன்தட்டில் இயங்குதளத்தை வைத்த காலம் போய்விட்டது. எஸ்.எஸ்.டி. கட்டாயம். சாட்டா வகை விநாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட், என்.வி.எம்.இ. வகை அதைப்போல் பல மடங்கு. பழைய சுழலும் வன்தட்டைத் தூக்கி எறிய வேண்டாம். படங்களின் மறுபிரதியை வைக்க அது உதவும். ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் படம், இல்லாத படத்துக்குச் சமம்.

செயலியும் கிராஃபிக்ஸ் கார்டும். சாதாரணத் திருத்தங்களுக்கு ஆறு கரு கொண்ட நடுத்தரச் செயலி தாராளம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயமில்லை. ஆனால் 2023-இல் லைட்ரூமில் வந்த ‘டினாய்ஸ்’ போன்ற செயற்கை நுண்ணறிவு வசதிகளை அடிக்கடி பயன்படுத்துவோருக்கு அது பெரிய வேறுபாட்டைக் காட்டும். கலை இரவுகளில் மங்கிய வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கில் படம் எடுப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பழைய கணினி வாங்குவோர்க்கு. அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைக் கணினிகள் நமக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை மலிவு என்று வாங்கி ஏமாற வேண்டாம்.

மென்பொருள். மாதாமாதம் பணம் கட்ட முடியாதவர்கள் திருட்டுப் பிரதியைத் தேட வேண்டியதில்லை. கிம்ப், டார்க்டேபிள், ராதெரபி ஆகியவை இலவசம். அவை சட்டப்படி கிடைப்பவை. 2025-இல் வெளிவந்த கிம்ப் 3.0, பழைய பதிப்புகளைவிட வெகுவாக மேம்பட்டது.

விரலுக்குத் தகுந்த வீக்கம்

பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் மாணவன் நான். பகுதிநேர வேலையில் சேர்த்ததையும் கூட்டி, சிறிது சிறிதாக 3,150 ரிங்கிட் செலவு செய்தேன். முதலில் 27 அங்குல ஐ.பி.எஸ். திரை, 1,200 ரிங்கிட். நிறமானியில் என் பங்கு 300. ஆறு மாதங்களுக்குப் பிறகு பத்தாம் தலைமுறைச் செயலி கொண்ட பழைய அலுவலகக் கணினி. 16 ஜிகாபைட் நினைவகத்தோடும் எஸ்.எஸ்.டி.யோடும் 1,350. மறுபிரதிக்கு வெளி வன்தட்டு, 300. உங்கள் ஊரில், நீங்கள் வாங்கும் நாளில் விலை மாறலாம். ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள்: ஏறக்குறைய பாதிப் பணம் திரைக்கும் அதைச் சரிசெய்யும் கருவிக்கும் போயிருக்கிறது. கையில் 1,500 மட்டுமே இருந்தாலும் நான் திரையைத்தான் முதலில் வாங்குவேன்.

கடைக்குப் போகும்போது, அது கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும், பென்டிரைவில் மூன்று படங்களைக் கொண்டு போங்கள். ஒன்று, நன்கு அச்சாகி வந்த, கருநிற முகம் உள்ள உங்கள் படம். அச்சுப் பிரதியும் கையில் இருக்கட்டும். இரண்டு, கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக மாறும் சாம்பல் பட்டை. இருண்ட முனையில் படிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். மூன்று, முழுக் கறுப்புப் படம். ஓரங்களில் ஒளி கசிகிறதா என்று பாருங்கள். பிறகு நின்றும் உட்கார்ந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார். பரவாயில்லை, பணம் நம்முடையது.

நிறைவாக

புதிய திரை வந்த அன்றிரவே தாத்தாவின் படத்தை மீண்டும் எடுத்தேன். கணினி அதே பழைய மடிக்கணினிதான். இம்முறை படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம், 16 பிட்டில் வருடினேன். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் 2100க்கு 3000 பிக்சலாக வந்தது. பத்து அங்குல உயரத்தில் அச்சிட்டாலும் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கிடைக்கும். திரையில் பார்த்தபோது முகத்தின் இருட்டுக்குள் எத்தனையோ இருந்தது. சட்டையின் மடிப்பு, முன்தலை நரை, இடப்புருவத்துக்கு மேல் கோடு போன்ற அந்தத் தழும்பு. எல்லாம் முதலிலிருந்தே படத்தில் இருந்தவைதான். என் பழைய திரைதான் அவற்றைக் காட்டவில்லை.

எஸ்.ஆர்.ஜி.பி. கோப்பாகச் சேமித்து, அதே படக்கடையில் கொடுத்தேன். அச்சு திரையில் கண்டபடியே வந்தது. பாட்டி தம் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். “இந்தா இருக்கு பாரு” என்று விரலால் தழும்பைத் தொட்டுக் காட்டினார். கருமக்கிரியைக்குள் கொடுக்க முடியாமற்போன படம், முதலாமாண்டுத் திதிக்குச் சுவரில் ஏறியது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டிலும் தோட்டத்து நாள்களின் படங்கள் பிஸ்கட் டின்னிலும் பீரோ அடியிலும் மங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் இருக்கும் முகங்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். அடுத்த விடுமுறைக்குள் அவற்றைக் கணினியில் ஏற்றத் தொடங்குங்கள். விலையுயர்ந்த கணினி வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி காட்டும் ஒரு திரை இருந்தால் போதும்.